திருச்சி டிக்கெட் மட்டும் ஏறு

குக்கரில் ஆவி இறங்கும்போது கடைசியாக ஒரு பெருமூச்சு வரும், புஸ்ஸ் என்று. அதைக் கேட்டால் எனக்குக் கோபம் வருகிறது. பருப்பின் மேல் கோபமில்லை. போன மார்கழியில் மதுரை மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டில் என் மூக்குக்கு முன்னால் மூடிய ஒரு பஸ்ஸின் கதவு இதே மூச்சைத்தான் விட்டது. காற்றில் இயங்கும் கதவு. கையால் அறைந்து சாத்துகிற பழைய கதவிலாவது ஒரு மனிதனின் ஆத்திரம் இருந்தது. இதில் அலுப்பு மட்டும்தான்.

எனக்கு பஸ் பிடிக்கும். போகிற இடத்துக்காக அல்ல, பஸ்ஸுக்காகவே பிடிக்கும். வேலை இல்லாத நாளில் பழங்காநத்தத்தில் ஏறி, கடைசி ஸ்டாப் வரை போய், அங்கே நின்று ஒரு டீ குடித்துவிட்டு, அதே வண்டியில் திரும்புவேன். எந்த வண்டிக்கு இரண்டாம் கியரில் இருமல் வரும், எந்த வண்டியின் ஜன்னல் மழை பெய்தால் மட்டும் இறங்கும் என்று தெரியும். ஐம்பதைத் தொடப்போகிற பெண் காரணமில்லாமல் பஸ்ஸில் போனால் ஊர் இரண்டே விளக்கம் வைத்திருக்கிறது: வீட்டில் சண்டை, இல்லையென்றால் வேண்டுதல். மூன்றாவதாக ஒன்று இருக்கலாம் என்று யாருக்கும் தோன்றுவதில்லை.

என் சாவிக்கொத்தில் ஒரு கண்டக்டர் விசில் தொங்குகிறது. பக்கத்து வீட்டுக்காரர் வேலையில் இருந்து ஓய்வு பெற்றபோது, "நீங்கதாம்மா இதுக்கு வாரிசு" என்று சிரித்துக்கொண்டே கொடுத்தார். பாதுகாப்புக்காக வைத்திருக்கிறேன் என்று மகன் நினைக்கிறான். நினைத்துக்கொள்ளட்டும்.

போன மார்கழியில் நான் கிளம்பிய கார்னிவலைப் பற்றியும் ஒரு பஸ்ஸின் முதுகில்தான் படித்தேன். குளிர்கால கார்னிவல், கொட்டாம்பட்டி அருகில், பனி பொழியும், குட்டி ரயில் உண்டு. மதுரைச் சீமையில் பனி பொழியுமாம். மார்கழி விடியலில் புல் நுனியில் நிற்கிற பனி போதாதாம், வானத்திலிருந்து உதிர வேண்டுமாம். சிரிப்புதான் வந்தது. ஆனால் குட்டி ரயில் என்ற இரண்டு சொல் மனதில் தண்டவாளம் போட்டுவிட்டது. எப்படி வருவது என்று எழுத வேண்டிய இடத்தில் 'கார் பார்க்கிங் இலவசம்' என்று மட்டும் இருந்தது. பஸ்ஸின் முதுகில் ஒட்டிய விளம்பரத்தில், பஸ்ஸில் வருகிறவர்களுக்கு ஒரு வரி இல்லை.

"ஞாயித்துக்கிழம கார்ல கூட்டிட்டுப் போறேம்மா" என்றான் மகன்.

"நான் தனியா போறேன்."

"கார்னிவலுக்கா? தனியாவா?"

அந்தத் 'தனியாவா'வை நான் செருப்பு மாட்டிக் கடந்தேன்.

வில்லாபுரம் சுற்றிப் போகிற டவுன் பஸ்ஸில் வேண்டுமென்றே ஏறினேன், நேரம் கூடட்டும் என்று. மாட்டுத்தாவணியில் திருச்சி வண்டிகள் நிற்கும் இடத்துக்கு வந்தபோது வெயில் இன்னும் இளசாக இருந்தது. வரிசையில் நின்ற முதல் வண்டியைப் பார்த்ததும் கால் தானாக வேகம் பிடித்தது. புதுசு. கழுவி ஈரம் காயாத சக்கரம். படிக்கட்டை ஒட்டி, டிரைவருக்கு நேர் பக்கத்தில், முன் கண்ணாடி முழுவதும் ஒருவருக்கே சொந்தமான அந்த ஒற்றை சீட்டு காலியாக இருந்தது. பஸ் பிடித்தவர்களுக்கு அந்த சீட்டு என்னவென்று தெரியும். மற்றவர்களுக்குச் சொல்லிப் புரிய வைக்க முடியாது.

வாசலில் கண்டக்டர். முப்பது வயதிருக்கும். வாட்டசாட்டம். குரல் மட்டும் எங்கோ தூரத்தில் இருந்து வருவதுபோல.

"திருச்சி, திருச்சி. இடைல நிக்காது. எங்கக்கா?"

"கொட்டாம்பட்டி."

"திருச்சி டிக்கெட் மட்டும் ஏறு. கொட்டாம்பட்டி பின்னாடி வர்ற வண்டி."

பின்னாடி வந்த வண்டியிலும் இதே பதில். அதற்குப் பின்னாடி வந்ததிலும். ஒன்றின் கதவுதான் புஸ்ஸென்று மூச்சுவிட்டு என் முகத்தில் மூடியது. பாதி சீட்டு காலியாக, வெறும் காற்றை ஏற்றிக்கொண்டு போனது அது. இடையில் இருக்கிற ஊர்களெல்லாம் என்ன, ரோட்டோரம் நட்டுவைத்த கிலோமீட்டர் கல்லா? மேலூரில், கொட்டாம்பட்டியில் ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள், கல்யாணத்துக்குப் போகிறவர்கள், செத்த வீட்டுக்குப் போகிறவர்கள் எல்லாம் ஆள் கணக்கில் வரமாட்டார்களா? இந்த முனையும் அந்த முனையும் மட்டும்தான் ஊர் என்றால், நடுவில் பிறந்தது யார் குற்றம்?

"உங்களையும் ஏத்தலையாக்கா?"

பக்கத்தில் ஒருவர். என் வயதுதான். தொப்பை நன்றாக முன்னே வந்திருந்தது. கையில் உரச்சாக்கு. சாக்கின் வாய் வழியே சிவப்பு வெல்வெட் துணி எட்டிப் பார்த்தது, அதன் ஓரத்தில் வெள்ளைப் பஞ்சு.

"நீங்களும் கொட்டாம்பட்டியாண்ணே?"

"கொட்டாம்பட்டிக்கு இங்கிட்டு, ரோடு கார்னிவலுக்குப் பிரியிற விலக்கு. நாந்தான் அங்ஙன கிறிஸ்துமஸ் தாத்தா." சொல்லிவிட்டு வெட்கப்பட்டார். "உசிலம்பட்டிப் பக்கம் நமக்கு. வெள்ளாம இந்த வருசம் ஒண்ணும் சொல்லிக்கிறாப்புல இல்ல. வயிறு மட்டும் வெளஞ்சு கெடக்கு, அத வச்சு இந்த வேல கெடச்சுச்சு."

அன்றாடம் விடியற்காலையில் கிளம்புகிற, எல்லா ஊரிலும் நின்று போகிற வண்டியைப் பிடித்துவிடுவாராம். இன்று விட்டுவிட்டார். காரணம் அந்த உடை. வேர்த்து நாறுகிறது, தோளில் தூக்கினால் பிள்ளைகள் மூக்கைப் பொத்துகின்றன என்று காண்ட்ராக்டர் திட்டியிருக்கிறார். நேற்று ராத்திரி துவைத்து வெளியே போட்டார். மார்கழிப் பனியில் காயவில்லை. அடுப்பு முன்னால் பிடித்துக் காயவைத்துக் கிளம்புவதற்குள் வண்டி போய்விட்டது.

"கதவு தொறக்கும்போது நான் வாசல்ல நிக்கணும்க்கா. இல்லன்னா வேலைய விட்டு நிப்பாட்டிருவாரு. ரெண்டு தடவ சொல்லிட்டாரு. பொங்க வரைக்கும் இதான் நம்ம பொழப்பு."

அதற்குமேல் அந்தக் காலைப்பொழுதில் எனக்கு வேறு எதுவும் பெரிதாகத் தெரியவில்லை. அவர் நேரத்துக்குப் போய்ச் சேர வேண்டும்.

ஆள் சேரட்டும் என்று மற்ற வண்டிகளை முன்னால் விட்டு நின்ற, முதலில் பார்த்த அந்தப் புதுவண்டி அப்போதுதான் இன்ஜினை ஸ்டார்ட் செய்தது. இன்னும் நிரம்பவில்லை. ஒற்றை சீட்டு இன்னும் காலி.

"திருச்சின்னு சொல்லி ஏறிக்கிருவோம்க்கா. அங்ஙன போய்ப் பேசிக்கிருவோம். எல்லாரும் அப்பிடித்தான் போறாங்க" என்றார் அவர்.

எல்லாரும் அப்படித்தான் போகிறார்கள். உண்மை. முழுத் தூரத்துக்கும் டிக்கெட் எடுத்துப் பாதியில் இறங்குவது இந்தப் பக்கத்து ஆட்களுக்குப் பழகிய தந்திரம். எனக்கு அது பிடிக்காது. இறங்குகிற ஊரின் பெயரைச் சொல்லித்தான் ஏற வேண்டும் என்பது என் பிடிவாதம். ஆனால் அந்த ஒற்றை சீட்டு. "ரெண்டு திருச்சி" என்றேன்.

கண்டக்டர் என் முகத்தை ஒரு கணம் பார்த்தார். கொட்டாம்பட்டி என்று கேட்ட அதே முகம். அவருக்கு ஞாபகம் இருந்தது. இருந்தும் ஒன்றும் சொல்லாமல் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தார். அந்த அமைதியைக் கண்டு நான் அப்போதே பயந்திருக்க வேண்டும்.

பயப்படவில்லை. முன் கண்ணாடி முழுக்க எனக்கு. ஆனைமலை படுத்த வாக்கில் வந்து கடந்து போனது. மேலூர்ப் பக்கம் வந்ததும் வயல்கள் கண்ணுக்குள் பச்சையைக் கொட்டின. எல்லாவற்றையும்விட அந்த டிரைவர். ஒல்லி மனிதர், நரைத்த மீசை, மடியில் மடித்த துண்டு. கியர் மாற்றுவது வெளியே தெரியாது. கியர் பெட்டிக்குள் ஒரு முனகல், அவ்வளவுதான், வண்டி அடுத்த கதிக்குப் போயிருக்கும். பிரேக்கை மிதிப்பதில்லை, அதனிடம் சொல்லிவிடுகிறார். இப்படி ஓட்டுகிறவர்களைப் பார்க்கத்தான் நான் பஸ்ஸில் போகிறேன். நாலுவழிச் சாலையின் நடுத்திட்டில் அரளிப் பூக்கள் ஒரே கோடாக ஓடின. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பின் சீட்டில் கிறிஸ்துமஸ் தாத்தா உரச்சாக்கைக் கட்டிப்பிடித்துத் தூங்கிவிட்டார்.

மேலூர் தாண்டிக் கொஞ்ச தூரம் போனதும் அவர் விழித்துக் கண்டக்டரிடம் போனார்.

"அண்ணே, கார்னிவல் விலக்குல ஒரு நிமிசம் நிப்பாட்டுங்க. நானும் அந்த அக்காவும்."

"டிக்கெட்ட எடுங்க." எடுத்துக் காட்டினார். "என்ன போட்ருக்கு?"

"திருச்சி."

"அப்ப எங்க நிப்பாட்டணும்? திருச்சில நிப்பாட்டுறேன்."

பஸ்ஸில் சிரித்தார்கள். நாலைந்து பேர் நன்றாகவே சிரித்தார்கள். நான் எழுந்தேன்.

"நான் கொட்டாம்பட்டின்னு கேட்டப்ப நீங்க ஏத்தலையே. உங்களுக்குத் தெரியும்ல."

"கேட்டீங்க, நிக்காதுன்னு சொன்னேன். அப்புறம் திருச்சின்னு நீங்களே சொல்லி ஏறுனீங்க. பொய் சொன்னது யாருக்கா, நானா?"

பொய் சொன்னது நான்தான். அதனால் கோபம் இரண்டு மடங்கானது. பொய்யைத் தவிர வேறு எந்தச் சொல்லுக்கும் கதவைத் திறக்காதவர்கள், பொய்யைச் சொன்னதும் அதையே கயிறாக்கிக் கட்டிப்போடுகிறார்கள். நாங்களே எங்கள் கையால் வாங்கிய கயிறு.

"யக்கா, எல்லாருக்கும் சோலி இருக்கு. ஆளுக்கொரு எடத்துல நிப்பாட்டுனா எப்பப் போய்ச் சேர?" பின்னால் இருந்து ஒருவர்.

"இவருக்கு வேல போயிரும்யா."

"என்ன வேல?"

"கிறிஸ்துமஸ் தாத்தா" என்று அவரே சொன்னார். மறுபடி சிரிப்பு. "தாத்தா, எனக்கு என்ன கொண்டாந்தீங்க?" என்றான் ஒரு கல்லூரிப் பையன். அவரும் சேர்ந்து சிரித்தார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

டிரைவர் பக்கம் திரும்பினேன். "அண்ணே, நீங்களாவது நிறுத்துங்க. ஒரு நிமிஷம்."

இவ்வளவு நேரம் நான் ரசித்துக்கொண்டு வந்த மனிதர் கண்ணைச் சாலையிலிருந்து எடுக்கவில்லை. "கண்டக்டர் சொல்லாம நான் நிப்பாட்டக் கூடாதும்மா." மெதுவாக, மரியாதையாகத்தான் சொன்னார். கார்னிவல் விலக்கின் தோரணவாயில் தெரிந்தது. அதன் உச்சியில் பஞ்சு ஒட்டிய மான் ஒன்று வெயிலில் நின்றது. வாயில் பெரிதானது, பக்கத்தில் வந்தது, ஜன்னலில் வழுக்கிப் பின்னால் போனது.

தாத்தா ஜன்னலோடு ஜன்னலாகத் திரும்பி அதையே பார்த்தார். சாக்கை இன்னும் கட்டிப்பிடித்திருந்தார்.

ஒரு விசில் என்றால் நிறுத்து. இரண்டு விசில் என்றால் போ. இந்த நாட்டில் பஸ்ஸில் ஏறிய பச்சைப்பிள்ளைக்கும் தெரியும். என் கை பைக்குள் போனது எனக்குத் தெரியாது. விசில் உதட்டில் இருந்தது மட்டும் தெரியும். ஊதினேன். ஒன்று.

டிரைவரின் மூளை அதைக் கேட்டிருக்காது. அவர் கால் கேட்டது. எத்தனையோ வருஷங்களாக அந்தச் சத்தத்துக்கு மட்டும் கட்டுப்பட்ட கால். வண்டி முனகி, முன்பக்கம் குனிந்து, ஓரம் ஒதுங்கி நின்றது. ஒரு அம்மாளின் கூடையிலிருந்து கொய்யாப்பழங்கள் டிரைவரின் காலடிவரை உருண்டன. கல்லூரிப் பையனின் நெற்றி முன் சீட்டுக் கம்பியில் இடித்தது.

"யாரு மாப்ள, என்னாச்சு?" டிரைவர்.

"நான் ஊதல மாப்ள." கண்டக்டர், பின்னால் இருந்து.

பிறகு எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். விசில் இன்னும் என் வாயில் இருந்தது.

அதற்கப்புறம் கிடைத்த வசவுகளை எழுத இந்தப் பக்கம் போதாது. கொய்யாப்பழ அம்மாள் என் குலத்தையே கூப்பிட்டு வைதார். போலீஸில் பிடித்துக் கொடு என்றார் சோலி இருக்கிறவர். கண்டக்டர் கோபத்தில் கையைக் கையை ஆட்டினார். டிரைவர் மட்டும் சத்தம் போடவில்லை.

"பின்னாடி ஒரு லாரி ஒட்டி வந்திருந்தா என்னம்மா ஆயிருக்கும்?"

அவர் சொன்னது சரி. சரி என்பதால் இன்னும் எரிந்தது. அந்த மனிதருக்கு என்னவெல்லாம் சொல்ல நினைத்திருந்தேன், உங்கள் கியர் மாற்றம் ஒரு பாட்டு என்று. சொல்லவில்லை. "நீங்க நிறுத்தியிருந்தா நான் ஏண்ணே ஊதப்போறேன்" என்று மட்டும் சொன்னேன். கதவு திறந்தது. இறங்கினோம். கதவு மூச்சுவிட்டு மூடியது. இரண்டு விசில். போய்விட்டது.

வெயில். நாலுவழிச் சாலை. விலக்கு பின்னால் நல்ல தூரத்தில் இருந்தது. தாத்தா சாக்கைத் தலையில் வைத்துக்கொண்டு ஓட்டமும் நடையுமாகப் போனார். நடந்து வருகிறவர்களுக்கு என்று அங்கே ஒரு வழியும் இல்லை. கம்பித் தடுப்பு, அப்புறம் மழைத்தண்ணீர்ப் பள்ளம், அப்புறம் முள். கார்கள் போகத் தார் போட்ட பாதை வளைந்து வளைந்து போனது. நாங்கள் பள்ளத்தில் இறங்கி ஏறினோம். என் புடவைக் கரையில் நெருஞ்சி ஒட்டிக்கொண்டது.

"என்னக்கா இப்பிடி ஊதிப்புட்டீங்க" என்று மூச்சு வாங்கிக்கொண்டே சிரித்தார் அவர். "எனக்கு ஈரக்கொலையே ஆடிப்போச்சு."

கார்னிவலின் கதவு திறந்திருந்தது. கூட்டம் உள்ளே போய்க்கொண்டிருந்தது. வாசலில் காண்ட்ராக்டர், காதில் போனை இடுக்கிய இளைஞர், தாத்தாவைப் பார்த்ததும் போனை எடுத்தார்.

"இதான் வர்ற நேரமா?"

"பஸ்ஸு நிக்கல தம்பி."

"தெனமும் பஸ்ஸுதான் நிக்காது. நாளைக்கும் இப்பிடி வந்தீங்கன்னா, பைக் வச்சிருக்க ஆளப் போட்டுக்குவேன். தொப்பைக்குத் தலகாணி கட்டிக்கிறலாம்."

"தம்பி, அவர் மேல தப்பில்ல" என்று நான் ஆரம்பித்தேன்.

"நீங்க யாரு?"

யார் என்று சொல்வது. "பஸ்ஸுல வந்தவ" என்றேன். அவர் என்னைத் தாண்டி ஒரு காருக்குக் கைகாட்டப் போய்விட்டார்.

தாத்தா டிக்கெட் கவுண்டருக்குப் பின்னால் போய் உடை மாற்றினார். தாடியின் ரப்பர் அறுந்திருந்தது. என் புடவை ஊக்கைக் கழற்றிக் கொடுத்தேன். அந்த சிவப்புக்குள் மனிதர் காணாமல் போய், யாரோ ஒருவர் தொப்பையைக் குலுக்கிக்கொண்டு வெளியே வந்தார். பிள்ளைகள் ஓடி வந்தன. உடையில் இன்னும் அடுப்புப் புகை வாசம் அடித்தது.

நான் பனியைப் பார்த்தேன். ஒரு கருவி உறுமி ஷாம்பு நுரையைத் துப்பியது. அது மிதந்து வந்து தலையில் விழுந்து, வியர்வையில் கரைந்து, கண்ணை எரித்தது. மக்கள் அதற்குக் கீழே நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். கம்பளிக் குல்லாய் போட்ட குழந்தைகள் வேர்த்துக் கொட்டின. எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். நான் காலையில் சாப்பிட்டது கோபத்தை மட்டும்தான், அது இன்னும் செரிக்கவில்லை.

குட்டி ரயிலுக்குப் போனேன். நான்கு பெட்டி, மஞ்சள் இன்ஜின், வட்டத் தண்டவாளம். அழகாகத்தான் இருந்தது. ஓட்டுகிறவர் கயிற்றைக் குறுக்கே பிடித்தார்.

"சின்னப்பிள்ள கூட இருந்தாத்தான்மா. தனியா ஏத்த மாட்டோம்."

அங்கேயே உட்கார்ந்து அழுதிருப்பேன் என்று நினைக்கிறேன். அழவில்லை. கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எவ்வளவு தூரம் வந்தாலும் எங்கேயோ ஒருவர் கயிறோடு நிற்கிறார்.

பின்னால் அடுப்புப் புகை வாசம். "அவங்க நம்ம ஆளு. ஏத்துப்பா" என்றது தாடிக்குள்ளிருந்து ஒரு குரல். ரயில்காரர் தாத்தாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கயிற்றைத் தாழ்த்தினார். கடைசிப் பெட்டியில் நானும் கிறிஸ்துமஸ் தாத்தாவும் முழங்கால் முகத்தில் இடிக்க உட்கார்ந்தோம். ரயில் கிளம்பியது. நுரை பொழிந்தது. பிள்ளைகள் அவருக்குக் கைகாட்டின, அவர் எல்லாருக்கும் கைகாட்டினார். ஒரு சுற்று. நான் கோபத்தோடுதான் உட்கார்ந்திருந்தேன். ஆனாலும் இறங்க மனம் வரவில்லை.

வெயில் சாய்ந்தபோது கிளம்பினேன். மதுரைப் பக்கம் போகிற, எல்லா ஊரிலும் நிற்கிற வண்டி எதிர்ச் சாரியில் வரும் நேரம். தாத்தா வாசல்வரை வந்தார். தாடியைக் கழுத்துக்கு இறக்கியிருந்தார். முகம் முழுக்க வேர்வையின் உப்பு.

"நாளைக்கு அந்த விடியக்கால வண்டியப் பிடிச்சிருவீங்கல்ல?"

"பாப்பம்க்கா. வீட்டுல மாடு இருக்கு, பாலக் கறந்து ஊத்திட்டு வரணும். விட்டுட்டா மறுபடி இதே திருச்சி வண்டிதான்."

அவர் சாலையைப் பார்த்தார். நான்கு வழியிலும் வண்டிகள் யாருக்காகவும் நிற்காமல் போய்க்கொண்டிருந்தன. சாவிக்கொத்திலிருந்து விசிலைக் கழற்ற நகம் கொஞ்சம் உடைந்தது. அவர் உள்ளங்கையில் வைத்தேன். வெள்ளைக் கையுறைக்குள் அது சின்னதாகத் தெரிந்தது. மாட்டேன் என்று சொல்வார் என்று நினைத்தேன். டிரைவர் கேட்ட கேள்வி எனக்கும் காதில் ஒலித்தது, லாரி வந்திருந்தா என்று. அதையும் சொல்லத்தான் வாயெடுத்தேன்.

அவர் விசிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு சிவப்பு உடையின் பைக்குள் போட்டு, மேலே தட்டிப் பார்த்துக்கொண்டு கேட்டார்:

"ஒரு தடவதானக்கா ஊதணும்?"